நகராட்சி வார்டில் நிற்கப் போகிறீர்களா? பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கான முழு வழிகாட்டி

சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியிலும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கத்துப் பஞ்சாயத்துகளிலும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் நம் ஆட்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுத்து வருகிறேன். முதல்முறை நிற்பவர்கள் பிரச்சாரத்தில் சறுக்குவதில்லை. அவர்களுக்குப் பேசத் தெரியும், தெருவையும் தெரியும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில்தான் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் வரிசை தப்பிப்போவதுதான் காரணம்.

2025 தேர்தலின் நாட்களைப் பாருங்கள். நவம்பர் 14 அறிவிப்பு. 21 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். 22 பரிசீலனை. 24 வாபஸ். பாலக்காடு மாவட்டத்தில் டிசம்பர் 11 வாக்குப்பதிவு, 13 எண்ணிக்கை. அறிவிப்பு வந்த பிறகு மனுவுக்குக் கிடைத்தது ஒரு வாரம்தான், நடுவில் ஒரு ஞாயிறும் போய்விட்டது. சாதிச் சான்று, வரி பாக்கி, பட்டியலில் பெயர் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு வாரத்தில் சரிசெய்ய முடியாது. அதனால் கீழே சொல்லும் முதல் நான்கு வேலைகளை அறிவிப்புக்குப் பல மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

தொகைகளும் உச்சவரம்புகளும் 2025 தேர்தலுக்கானவை. இடைத்தேர்தலிலோ அடுத்த பொதுத் தேர்தலிலோ நிற்பவர்கள் அப்போதைய அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்த அவைக்கு நிற்கிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

கேரளத்தில் ஒரு நகராட்சி வார்டுக்கு ஒரே கவுன்சிலர்தான். புனே போன்ற மகாராஷ்டிர மாநகராட்சிகளில் பிரபாக் எனப்படும் ஒரே வார்டிலிருந்து பெரும்பாலும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, "ஒரு வார்டுக்கு ரெண்டு பேர் ஜெயிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. அதிக ஓட்டு வாங்கிய ஒருவர் ஜெயிப்பார்.

நகராட்சி வாக்காளருக்கு ஒரு ஓட்டு. நகராட்சி எல்லை தாண்டிப் பஞ்சாயத்துக்குள் போனால் மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்துக்கு ஒன்று, பிளாக் பஞ்சாயத்துக்கு ஒன்று, மாவட்டப் பஞ்சாயத்துக்கு ஒன்று. உங்கள் வார்டின் பக்கத்துத் தெரு பஞ்சாயத்தில் இருக்கலாம். அங்கே போய் ஓட்டுக் கேட்டு நேரத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. வாக்காளர் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது கேரள மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் பட்டியல் தனி. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்கான பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. ஒன்றில் பெயர் இருந்தால் இன்னொன்றில் தானாக வந்துவிடாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் பூத் வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள்.

2025 நவம்பரில் குழப்பம் இரட்டிப்பானது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே சமயம் நடந்தது. வீட்டுக்கு வந்த அலுவலரிடம் படிவம் கொடுத்தவர்கள், "நம்ம பேர் சேர்ந்தாச்சு" என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது வேறு பட்டியலுக்கு.

படிவ எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியத் தேர்தல் ஆணையத்தில் புதுப் பெயர் சேர்க்கப் படிவம் 6. மாநில ஆணையத்தில் பெயர் சேர்க்கப் படிவம் 4, திருத்தத்துக்குப் படிவம் 6, வார்டு மாற்றப் படிவம் 7, ஒரு பெயருக்கு ஆட்சேபம் சொல்லப் படிவம் 5. எண்ணை மட்டும் சொல்லி ஆட்களை அனுப்பாதீர்கள். "நகராட்சிப் பட்டியலில் புதுப் பெயர்" என்று முழுதாகச் சொல்லி அனுப்புங்கள்.

ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தவுடன் விசாரணைக்கான நோட்டீஸ் ஒன்று கிடைக்கும். அதில் போட்டிருக்கும் நாளில் நகராட்சி அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு நேரில் போக வேண்டும். நகராட்சிச் செயலாளர்தான் பட்டியல் பதிவு அதிகாரி. பலர் விண்ணப்பத்தோடு வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். விசாரணைக்குப் போகாவிட்டால் பெயர் ஏறாது. திருப்பூர், கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இதில்தான் விடுபடுகிறார்கள். விசாரணை நாளை முன்கூட்டியே சொல்லி லீவு போட வையுங்கள்.

வயதுக் கணக்கும் வேறு. 2025 தேர்தலுக்கு அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று 18 முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஜூனில் 18 ஆன பிள்ளைக்கு சட்டமன்றப் பட்டியலில் இடம் கிடைக்கும், இங்கே கிடைக்காது.

பட்டியல் மலையாளத்தில் இருக்கும். நம் பெயர்கள் அதில் ஏறும்போது முன்னெழுத்து விடுபடும், தகப்பனார் பெயர் மாறும். வீட்டுப்பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. நம்மில் பலருக்கு வீட்டுப்பெயர் கிடையாது என்பதால் அங்கே தெருப்பெயரோ காலனிப் பெயரோ வந்துவிடும். ஒரே தெருவில் மூன்று செல்வி, நான்கு முருகேசன் இருந்தால் யார் எந்த எண் என்று வாக்குப்பதிவு நாளில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதாகும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, பட்டியலைக் கையில் எடுத்து, வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். வரைவுப் பட்டியல் வந்த வாரமே இதைச் செய்ய வேண்டும். பிழையைத் திருத்த அவகாசம் இருப்பது அப்போதுதான்.

அப்புறம், எல்லைக்கே உரிய ஒன்று. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீடு, இந்தப் பக்கம் ஒரு வீடு என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. இரண்டு மாநிலத்திலும் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நீக்க விண்ணப்பியுங்கள். வேட்பாளரான உங்கள் பெயரே இரண்டு இடத்தில் இருந்தால், எதிர்த்து நிற்பவர் அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது.

3. வார்டு எல்லையையும் ஒதுக்கீட்டையும் காகிதத்தில் பாருங்கள்

2025க்கு முன் வார்டு மறுவரையறை நடந்தது. பழைய வார்டு எண்ணையும் பழைய எல்லையையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வர்த்தமானி அறிவிப்பில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள் எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருமுறை வார்டைச் சுற்றி நடந்து வாருங்கள். எல்லை பெரும்பாலும் ரோடு, வாய்க்கால், ஆறு என்று போகும். ரோட்டின் இந்தப் பக்கம் உங்கள் வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு என்பதெல்லாம் நடந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கு. எந்த வார்டு பெண்களுக்கு, எது பட்டியல் சாதியினருக்கு என்பது ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் சுழற்சியில் மாறும். ஐந்து வருடம் ஒரு வார்டில் உழைத்துவிட்டுக் கடைசியில் அது பெண்கள் வார்டாகிப்போவது சகஜம். பக்கத்து வார்டிலும் நான்கு பேரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பொது வார்டில் பெண்கள் தாராளமாக நிற்கலாம். அது தெரியாமல் ஒதுங்கிப்போன நல்ல ஆட்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

4. தகுதி: அடுத்தவர் கேட்பதற்குள் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

மனுத் தாக்கல் செய்யும் நாளில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் வாக்காளராக இருக்க வேண்டும். நிற்கும் வார்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

அரசு ஊழியர்கள், உள்ளாட்சி ஊழியர்கள், மின்வாரியம், கேஎஸ்ஆர்டிசி (அரசுப் பேருந்துக் கழகம்) போன்ற அரசு நிறுவனங்களின் ஊழியர்கள் நிற்க முடியாது. நகராட்சியோடு இன்னும் முடியாத கான்ட்ராக்ட் வைத்திருந்தாலும் தகுதி போகும். சின்னக் கான்ட்ராக்ட் வேலை எடுத்துச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரி பாக்கி இன்னொரு கண்ணி. நோட்டீஸ் வந்து கெடு முடிந்த பாக்கி இருந்தால் மனு ஆட்டம் காணும். நோட்டீஸ் வந்ததா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் பெயரில் உள்ள கட்டட வரி, தொழில் வரி எல்லாவற்றையும் கட்டி ரசீதை வாங்கிப் பைலில் வையுங்கள்.

முன்பு ஒருமுறை நின்று தோற்றிருந்தால், அப்போது செலவுக் கணக்குக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுக்காதவர்களை ஆணையம் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்கிறது.

இட ஒதுக்கீட்டு வார்டில் நிற்கும் பட்டியல் சாதித் தமிழர்கள் சாதிச் சான்றை வெகு முன்னதாகவே கையில் வைத்திருக்க வேண்டும். குடும்பம் எப்போது கேரளத்துக்கு வந்தது என்ற கேள்வி கட்டாயம் எழும். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைதான் அடிப்படை. அதற்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்களுக்கு இங்கே அந்த உரிமை மறுக்கப்படுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற ஆ. ராஜாவின் வழக்கு இதைச் சுற்றியும் மதத்தைச் சுற்றியும்தான் நடந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி வெற்றியை உறுதி செய்தது. மூணாறு, பீர்மேடு தோட்டக் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தாத்தா, பாட்டி காலத்து எஸ்டேட் வேலைப் பதிவு, பள்ளிச் சான்று, நில ஆவணம் என்று எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். தாலுகா ஆபீசில் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே அவை தேவைப்படும்.

5. வேட்புமனு: எந்தக் காகிதம், யார் கையெழுத்து

தேர்தல் நடத்தும் அலுவலரை இங்கே வரணாதிகாரி என்பார்கள். ஒரே நகராட்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரணாதிகாரிகள் இருப்பதுண்டு. உங்கள் வார்டு எண்ணுக்கு யார், எந்த அலுவலகம் என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை.

மனு படிவம் 2. அதோடு படிவம் 2அ என்ற உறுதிமொழிப் பத்திரமும் சேரும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் இதில் வரும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். வழக்கு இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் நீங்கள் மறைத்தீர்களா, மறந்தீர்களா என்று அடுத்தவருக்குக் கேட்கத் தோன்றும். மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள நகைக்கடன், கூட்டுறவு வங்கிக் கடன் இவைதான் அதிகமாக விடுபடுகின்றன.

முன்மொழிபவர் ஒருவர் வேண்டும். அவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். நீங்கள் எந்த வார்டிலும் வாக்காளராக இருக்கலாம், ஆனால் அவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மைத்துனரோ பெரியப்பாவோ கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் பெயர் பக்கத்து வார்டில் இருந்தால் மனு அங்கேயே முடிந்தது. அவருடைய பட்டியல் எண்ணையும் பாக எண்ணையும் இறுதிப் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். வரைவுப் பட்டியலின் எண் மாறியிருக்கும்.

டெபாசிட் நகராட்சிக்கு 4,000 ரூபாய். கிராமப் பஞ்சாயத்துக்கு 2,000, பிளாக்குக்கு 4,000, மாவட்டப் பஞ்சாயத்துக்கும் மாநகராட்சிக்கும் 5,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. ரசீதை மனுவோடு வைக்க வேண்டும்.

ஒருவர் மூன்று மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்று போதும். இரண்டாவதை வேறொரு முன்மொழிபவரை வைத்துக் கொடுங்கள். முதல் மனுவில் ஒரு குறை வந்தாலும் இரண்டாவது நிற்கும். எல்லாம் அதே வார்டுக்குத்தான். ஒரே நகராட்சியில் இரண்டு வார்டுகளில் மனுக் கொடுத்தால் எல்லா மனுக்களும் தள்ளுபடியாகும்.

மனுவை வேட்பாளரோ முன்மொழிபவரோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டியது வேட்பாளர்தான், அதுவும் வரணாதிகாரி முன்போ அதிகாரம் பெற்றவர் முன்போ. முன்மொழிபவரை அனுப்பிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். முடிந்தவரை நீங்களே போங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அது நம் உரிமை, விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கடைசி நாள் கூட்டத்தில் சரிபார்ப்பு சீக்கிரம் முடிய மனுவை மலையாளத்தில் நிரப்பச் சொல்வேன். நிரப்பியதைக் கையெழுத்துக்கு முன் ஒருவர் உங்களுக்குத் தமிழில் வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் 2:45 மணிக்கு ஓடாதீர்கள். மூன்றாம் நாளே கொடுத்துவிட்டால், குறை இருந்தாலும் மறுபடி கொடுக்க நாள் இருக்கும்.

6. பரிசீலனை, சின்னம், பெயர் வரிசை

பரிசீலனை நாளில் கட்டாயம் ஆஜராகுங்கள். அசல் சான்றுகள், வரி ரசீதுகள், இறுதிப் பட்டியலின் பிரதி எல்லாம் கையில் இருக்கட்டும். சிறு எழுத்துப்பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது. கையெழுத்து இல்லை, டெபாசிட் இல்லை, முன்மொழிபவர் வார்டு தப்பு என்றால் தள்ளுவார்கள்.

சுயேச்சைகள் பொதுச் சின்னப் பட்டியலிலிருந்து விருப்ப வரிசையில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். சின்னம் உறுதியாகும் முன் போஸ்டர் அடிக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிகிற, பாட்டிமார் பேர் சொல்லிக் கேட்கக்கூடிய சின்னத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாக்குச்சீட்டில் பெயர்கள் மலையாள அகரவரிசையில் வரும். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் போன்ற தமிழர் பகுதிகளில் தமிழிலும் அச்சாகும். அதனால் உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போதே தெளிவாகக் கொடுங்கள். மலையாளத்திலிருந்து திருப்பி எழுதினால் "பழனிச்சாமி" என்னவாக வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்துவதும் நடக்கும், அபரன் என்பார்கள். ஊரில் உங்களை எந்தப் பெயரால் அறிவார்களோ அதையும் முன்னெழுத்தையும் சேர்த்துக் கொடுப்பதும், சின்னத்தை ஓயாமல் சொல்வதும்தான் இதற்கு மருந்து.

7. பிரச்சாரத்தில் சட்டம் குறுக்கிடும் இடங்கள்

எப்படி ஓட்டுக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். விதிகளை மட்டும் சொல்கிறேன்.

அச்சடிக்கும் எதிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர் இருக்க வேண்டும். பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ மலிவாக அடித்து வந்தாலும் இதே விதிதான். பிவிசி பிளக்ஸ் கூடாது. துணி, காகிதம் மட்டும். மின்கம்பத்தில் கட்டக் கூடாது. தனியார் சுவரில் எழுத உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை அறவே கூடாது.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே வெளிப்படைப் பிரச்சாரம் நின்றுவிடும். கொட்டிக்கலாசம் என்னும் கடைசிக் கட்டப் பிரச்சார ஆரவாரம் முடிந்ததும் மைக்கை இறக்குங்கள்.

8. வாக்குப்பதிவு நாள்

நேரம் காலை 7 முதல் மாலை 6 வரை. அதற்கு முன் ஏஜென்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். உங்கள் ஏஜென்ட் அதற்கு அங்கே இருக்க வேண்டும். இயந்திரம் சுத்தமாகப் பூஜ்யத்தில் தொடங்குவதைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். மலையாளப் பட்டியலை வேகமாகப் படிக்கத் தெரிந்தவரையே ஏஜென்டாகப் போடுங்கள். வாக்காளரின் அடையாளத்தைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதுதான் அவருடைய முழு வேலையும்.

நகராட்சியில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. பஞ்சாயத்தில் 200 மீட்டர். உங்கள் மேசையை அளந்து போடுங்கள்.

வாக்காளர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: சட்டமன்றத் தேர்தலில் பார்த்தது போல் நோட்டா இங்கே இல்லை, சீட்டு அச்சாகும் விவிபேட்டும் இல்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பீப் சத்தம் வரும். நகராட்சியில் அதோடு முடிந்தது.

பஞ்சாயத்தில் மூன்று இயந்திரங்கள் வரிசையாக இருக்கும். கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை லேபிள், பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, மாவட்டத்துக்கு இளநீலம். மூன்றிலும் அழுத்தினால்தான் நீண்ட பீப் வந்து ஓட்டு முழுமையாகும். ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் போட நினைப்பவர் கடைசி இயந்திரத்தில் உள்ள எண்ட் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் வந்துவிட்டால் அடுத்தவர் போட முடியாமல் வரிசை நிற்கும். வயதானவர்களுக்கு இதை ஒரு மாதிரி அட்டையில் காட்டிப் பழக்குங்கள். வார்த்தையில் சொன்னால் நிற்காது.

அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை, ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பான், படம் உள்ள எஸ்எஸ்எல்சி புத்தகம் ஆகியவற்றில் ஒன்று போதும். வாக்காளர் அட்டை இருப்பதாலேயே ஓட்டு இருப்பதாக நினைக்க வேண்டாம். பெயர் நகராட்சிப் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டாம் படியில் வீடு வீடாகப் போனவர்களுக்கு இந்த நாளில் வேலை குறைவு.

9. எண்ணிக்கையும் அதற்குப் பிறகும்

வார்டு சின்னது, முடிவு சீக்கிரம் வரும். சமமாக வந்தால் குலுக்கல். தபால் ஓட்டுகள் எண்ணும்போதும் உங்கள் ஏஜென்ட் மேசையருகே இருக்கட்டும். பத்து இருபது ஓட்டில் முடிவாகும் வார்டில் அவை கணக்கை மாற்றிவிடும்.

நகராட்சி வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 75,000 ரூபாய். கிராமப் பஞ்சாயத்துக்கு 25,000, பிளாக்குக்கு 75,000, மாவட்டப் பஞ்சாயத்துக்கும் மாநகராட்சிக்கும் 1,50,000. முடிவு வந்த 30 நாட்களுக்குள் ரசீதுகளோடு கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர், போட்டியின்றித் தேர்வானவர் எல்லோரும் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் மனம் விட்டுப்போய் இதைக் கைவிடுகிறார்கள், அதோடு அடுத்த தேர்தலும் போய்விடுகிறது. மனுக் கொடுத்த அன்றே ஒரு நோட்டுப் போட்டு, டீ செலவு முதல் ஆட்டோ வாடகை வரை அன்றன்றைக்கு எழுத ஒருவரை நியமியுங்கள்.

ஜெயித்த சுயேச்சைகளுக்கு ஒன்று. கேரளத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கென்று 1999ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியிலோ கூட்டணியிலோ சேர்ந்தால் பதவி பறிபோகும், ஆறு ஆண்டுகள் நிற்கவும் முடியாது. நகராட்சித் தலைவர் தேர்தல் நெருங்கும்போது இரண்டு பக்கமிருந்தும் அழைப்பு வரும். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திடும் முன்பும், கூட்டணியில் சேர்ந்ததாக அறிக்கை விடும் முன்பும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.